பெருங்கதையாடலும் கல்லறைச் சுவரும்

பெருங்கதையாடல்களின் மீதான அவநம்பிக்கையே பின்நவீனத்துவம் என்று பிரெஞ்சு மெய்யியலாளர் லியோத்தார் 1979-இல் வரையறுத்தார். இருபது ஆண்டுகளில் அந்த ஐயம் அமெரிக்கத் தேவாலயங்களுக்குள்ளும் நுழைந்தது. பிரையன் மெக்லாரன் 2001-இல் எழுதிய 'புதுவகைக் கிறிஸ்தவர்' என்னும் நூலையொட்டி, 'உருவாகிவரும் திருச்சபை' எனலாகும் ஓர் இயக்கம் வலுப்பெற்றது. கோட்பாட்டைவிட உரையாடல், அறுதியான விடையைவிடத் தேடல் என்பது அதன் போக்கு. உண்மை குறித்த உறுதியை இது தளர்த்திவிடும் என்று டி.ஏ. கார்சன் 2005-இல் மறுத்தெழுதினார்.

திருச்சியிலிருந்து பிரிந்து 2003-இல் தனி மறைமாவட்டமான திண்டுக்கல்லில், ஞாயிறு பூசைக்குச் செல்லும் ஒருவருக்கு இந்த விவாதம் அந்நியமாகத் தோன்றலாம். ஆனால், இதன் உண்மையான தமிழ் வடிவம் வெகுதொலைவில் இல்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்று அறியப்பட்டவர், மேனாட்டு ராகங்களையும் கர்நாடக இசையையும் விடுத்து, கிராமிய இசையில் வழிபாட்டை அமைத்தார். தாழ்ந்ததென ஒதுக்கப்பட்ட பறைக்கு அதில் இடம் கிடைத்தது. ஒரே உலையில் சமைத்து எல்லாரும் சேர்ந்து உண்பதே அவருக்கு நற்கருணையின் பொருள். சாதி பார்த்துத் தண்ணீர் கொடுக்கும் ஊரில் இது எத்தகைய அறைகூவல் என்பதை விளக்க வேண்டியதில்லை. பாமாவின் 'கருக்கு' 1992-இல் வெளிவந்தபோது, மடத்துக்குள் இருந்த சாதியும் அச்சேறியது.

இவர்கள் லியோத்தாருக்காகக் காத்திருந்தவர்கள் அல்லர். எனினும் அவர் கூறிய ஐயம் இங்கேதான் மிகப் பொருத்தமாக அமைகிறது. 'கிறிஸ்தவத்தில் சாதியில்லை' என்பது ஒரு பெருங்கதையாடல். மேடையில் அது அழகாக ஒலிக்கும். ஆனால், பட்டியல் சாதியினருக்கான 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையிலிருந்து தலித் கிறிஸ்தவர்களை விலக்கிவைப்பதற்குச் சொல்லப்படும் நியாயமும் அதே வாசகம்தான். 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. வழிபாட்டில் தனி வரிசையும் கல்லறையில் தனிச் சுவரும் கண்டவர்களின் சிறுகதையாடல்களே அந்த வாசகத்தைப் பொய்யாக்குகின்றன.

ஆயினும் பின்நவீனத்துவத்தை முழுமையாக ஏற்பதில் ஓர் இடர் உண்டு. எல்லாக் கதைகளும் சம மதிப்புடையவை என்றால், சுவரை எழுப்பியவரின் 'மரபு', 'வழக்கம்' ஆகியவையும் ஒரு கதையாகிவிடும். அதை மறுக்க நமக்கு அளவுகோல் இராது. அமெரிக்க இயக்கம் தடுமாறியதும் ஏறத்தாழ இவ்விடத்தில்தான் என்பது என் கருத்து. அப்பாவு அவ்வாறு தடுமாறவில்லை. ஒரே உலை என்பது எல்லார்க்கும் பொதுவான நீதியைக் கோருவது. அது சிறுகதையாடல் அன்று. அவர் ஐயுற்றது அதிகாரத்தின் கதையை, நீதியை அல்ல.

இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை, 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு நிலவுவதை ஒப்புக்கொண்டது. மதம் மாறிய தலித்துகளின் நிலையை ஆராய, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் ஒன்றை மத்திய அரசு 2022-இல் அமைத்தது. அத்தகைய ஆணையத்தின் முன் திருச்சபை வைக்க வேண்டியது இறையியல் விளக்கம் அன்று. எந்தெந்த ஊரில் எந்தெந்தச் சுவர் இன்னும் நிற்கிறது என்னும் பட்டியல்.