ஊழியப் பிரயாணத்தில் ஓய்வு நாள்

கடல் கடந்து வந்து, நமது தாம்பரத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் சில வாரங்கள் தொண்டு செய்து மீளும் கிறிஸ்தவ வாலிபர்களை நம் கலாசாலையார் அறிவர். அவர்களுடைய அட்டவணையில் வாரத்திற்கு ஒரு நாள் ஓய்வுக்கென ஒதுக்கப்பட்டிருக்கும். தொண்டு செய்ய வந்தவர்க்கு ஓய்வு எதற்கு என்று வினவுவோர் நம்மிடையே உண்டு. நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு வினவியவரே.

இதற்கு விடை மதுரைச் சீமையில் கிடைக்கும். 1834-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தினின்றும் அங்கு வந்து ஊழியந் தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார், காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் தம்முள் பலரைப் பறிகொடுத்தனர். முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தனர். அங்கும் காய்ச்சல் விட்டபாடில்லை. ஆகவே 1845-இல், சுமார் 7,000 அடி உயரத்திலுள்ள கோடைக்கானலில் இரண்டு வீடுகள் கட்டிக்கொண்டனர். இன்று உல்லாசப் பிரயாணிகள் மொய்க்கும் அந்நகரம் தோன்றிய வரலாறு இதுவே. அந்நிய தேசத்தின் வெப்பத்திற்கும் தண்ணீருக்கும் உடல் பழகுமுன் ஓயாது உழைப்பவன் தானும் கெட்டு, மேற்கொண்ட வேலையையும் கெடுப்பான் என்பதை அவர்கள் கல்லறைகளினின்றே கற்றனர்.

எனினும் அவர்கள் அவ்வோய்வை அடைந்த வழியையும் நோக்குதல் வேண்டும். 1875-இல் இருப்புப்பாதை அம்மையநாயக்கனூருக்கு வந்த பின்னரும், அங்கிருந்து மலையடிவாரம் வரையில் மாட்டுவண்டியே. அதற்கு மேல் குதிரை, அல்லது ஆட்கள் தோளில் சுமந்து செல்லும் நாற்காலி. மோட்டார் பாதை 1914-ஐ ஒட்டியே வந்தது. இளைப்பாறச் சென்றவரைச் சுமந்தவருக்கு அது இளைப்பாறும் நாளன்று. உபாகமத்திலுள்ள ஓய்வுநாட் கட்டளையோ, வேலைக்காரனையும் வேலைக்காரியையும் அந்நியனையும், ஏன், எருதையும் கழுதையையுங்கூட விடாது எண்ணிச் சொல்கிறது. அதனை நன்கறிந்தோரே அந்நாற்காலிகளில் அமர்ந்து சென்றனர். அவர்களைப் பழிப்பது நமது நோக்கமன்று. நாமும் அதையே செய்தோம்.

விருந்தோம்பல் நமது வளாகத்திற்குப் புதிதன்று. 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை நடந்த சர்வதேச மிஷனரி மகாநாட்டிற்குச் சுமார் எழுபது நாடுகளினின்றும் 471 பிரதிநிதிகள் இங்கு வந்திருந்தனர். கிறிஸ்துமஸ் பண்டிகையும் இடையிலேயே வந்தது. அன்றும் அத்தனை பேருக்கும் யாரோ சமைத்தாக வேண்டுமல்லவா?

சில ஆண்டுகளுக்கு முன், முடிச்சூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்குச் சுவர் எழுப்ப வந்த குழுவொன்றை உபசரிக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. சனிக்கிழமை ஓய்வு நாள். மாமல்லபுரத்திற்கு வண்டி ஏற்பாடு செய்தோம். சமையற்காரம்மாள் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து இட்டலி கட்டிக் கொடுத்தார். வண்டியோட்டி வீடு திரும்புகையில் இரவு பதினொன்று. அன்று அவருடைய மகளைப் பெண் பார்க்க வருவதாயிருந்ததென்றும், நம்மிடம் சொல்லக் கூசி அதனைத் தள்ளிவைத்தாரென்றும் பின்னரே அறிந்தோம்.

மறு வாரம் முறையை மாற்றினோம். இருவருக்கும் கூலியோடு விடுமுறை. முதல்நாளே கிளறிவைத்த புளியோதரையை எடுத்துக்கொண்டு, மின்சார ரயிலில் பரங்கிமலைக்குப் புறப்பட்டோம். தாம்பரத்திற்கு அடுத்த நிலையத்தின் பெயர் சானடோரியம். 1928-இல் டாக்டர் சவரிமுத்து தோற்றுவித்த க்ஷயரோக ஆரோக்கியசாலையால் வந்த பெயர் அது. அந்நோய்க்கு ஏற்ற மருந்து கண்டறியப்படாத அக்காலத்தில் ஓய்வும் நல்ல காற்றுமே முக்கியச் சிகிச்சை என்றதும், வாலிபர்கள் வியந்து எட்டிப் பார்த்தனர். மலையில் நூற்றுக்கு மேற்பட்ட படிகள். உச்சியில் 1523-இல் போர்த்துக்கீசியர் கட்டிய ஆலயம். கீழே மீனம்பாக்கத்து விமானங்கள். ஏறியவருள் ஒருவர் ஆலயத்து நிழலில் இரண்டு மணி நேரம் அயர்ந்து தூங்கினார். ஓய்வு நாளை முறையாகக் கழித்தவர் அவரொருவரே என்பது நமது துணிபு.

மாலையில் வாலிபர்களே பாத்திரங்களைக் கழுவினர். மறுநாட்காலை சமையற்காரம்மாள் வந்து அவற்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாது, அத்தனையையும் மீண்டும் துலக்கினார்.