பொறிக்குள் ஓர் ஆசான்

1940-ல் திருவிதாங்கூர் அரசின் முதல் நீர்மின் நிலையம் எழுந்த பள்ளிவாசல் என் ஊர். அங்கே மழை வலுத்தால் இணையம் அறுந்துவிடும். அந்நாட்களில் எனக்குத் துணை நின்றது, லினக்சுக் கணிப்பொறிக்குள்ளேயே இருக்கும் ‘மேன்’ என்னும் கையேடு. 1971-ல் வெளிவந்த யூனிக்சுக் கையேட்டின் வழித்தோன்றல் அது. அதைத் திறந்துவிட்டு மிரள்வோர் பலர்.

ஏட்டைவிட்டு வெளியேற வழி தெரியவில்லையா? ‘க்யூ’ விசையைத் தட்டுங்கள், போதும். சொல்லொன்றைத் தேடச் சாய்கோடு இட்டு அச்சொல்லை எழுதுங்கள். அடுத்த இடத்துக்குச் செல்ல ‘என்’.

கையேடு இல்லை என்று மறுமொழி வந்தால், முதலில் எழுத்துப் பிழை பாருங்கள். பிழையில்லையேல், அந்த ஏடு பெரும்பாலும் நிறுவப்பட்டிராது. இணையம் உள்ளபோதே நிறுவி வையுங்கள்.

ஒரே பெயரில் இரண்டு ஏடுகளும் உண்டு. ‘மேன் கிரான்டேப்’ கட்டளையை விளக்கும். ‘மேன் 5 கிரான்டேப்’ கோப்பின் அமைப்பை விளக்கும். இதை அறியாமல் ஓர் இரவு முழுதும் முதல் ஏட்டிலேயே விடை தேடினேன்!

கட்டளையின் பெயரே தெரியாவிடில், ‘மேன் -கே’ என எழுதி, பொருளுக்குரிய ஆங்கிலச் சொல்லை இடுங்கள். அதுவும் வெறுங்கையோடு திரும்பினால், நிர்வாகி உரிமையுடன் ‘மேன்டிபி’ என ஆணையிட்டு அட்டவணையைப் புதுப்பியுங்கள்.

வகுப்பில் கேட்க நாணும் மாணவனையும் கடிந்துகொள்ளாத ஆசான் இது. அஞ்சாது அணுகுவோம்!