கணனித் திரை இடையிடையே இருண்டு போனால்

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களிடத்திலும், மீளக்குடியேறிய கிராமங்களிலும் இன்று ஒரு கணனி இருப்பது புதுமையன்று. பிள்ளைகளின் படிப்புக்கெனப் பழையதாக வாங்கியதாகவோ, சனசமூக நிலையத்துக்கு அன்பளிப்பாகக் கிடைத்ததாகவோ அது இருக்கும். இத்தகைய கணனிகளில் அடிக்கடி காணப்படும் குறை, வேலை செய்துகொண்டிருக்கும்போதே திரை கறுத்துப் போவதாகும். சிலவேளை படம் தானாகத் திரும்பி வரும், சிலவேளை வராது. உடனே "மொனிற்றர் பழுது" என முடிவுகட்டி, வேறொன்று வாங்கக் கடன்படுகிறோம். வாங்கிய பின்னரும் அதே இருள் தொடர்ந்தால் காசும் போய், பழுதும் மிஞ்சும். ஆகவே செலவழிக்க முன்னர், செலவின்றி நாமே செய்து பார்க்கக்கூடியவற்றை இங்கே ஒழுங்காகத் தருகிறோம்.

தண்ணீர் வரும் வழியைப் பார்ப்பது போல

கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் வராவிட்டால் நாம் பாத்தியைக் கொத்திப் பார்ப்பதில்லை. கிணற்றில் தண்ணீர் உண்டா, இயந்திரம் ஓடுகிறதா, குழாய் கழன்றதா, வாய்க்கால் உடைத்ததா என்று வழிநெடுகப் பார்த்து வருகிறோம். திரைக்கும் இதுவே முறை. படம் தெரிவதற்கு மூன்று காரியங்கள் வேண்டும்:

1. திரைக்கு வந்து சேரும் மின்சாரம்.
2. கணனியிலிருந்து வயர் வழியாக வரும் படத்தின் செய்தி.
3. திரையின் உள்ளே, பின்புறத்தில் எரியும் விளக்கு.

மூன்றாவதைப் பலர் அறியார். நம்மிடையே உள்ள தட்டையான திரைகள் பெரும்பாலும் தாமாக ஒளிர்வதில்லை. பின்னால் எரியும் விளக்கின் ஒளியிலேயே படம் தெரிகிறது. விளக்கு அணைந்தால் படம் இருந்தும் நமக்குத் தெரியாது. எனவே "திரை இருண்டது" என்ற ஒரே காட்சிக்குப் பின்னால் மூன்று வேறு பழுதுகள் இருக்கலாம். எது என்று அறிவதே பாதித் திருத்தம்.

இருண்டவுடன் செய்ய வேண்டியது

அவசரப்பட்டு எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாம். இருண்டிருக்கும் அந்த நேரமே பழுதைக் கண்டுபிடிக்க ஏற்ற நேரம்.

முதலில் விசைப்பலகையில் உள்ள "கப்ஸ் லொக்" விசையை அழுத்துங்கள். அதற்குரிய சிறு விளக்கு எரிந்தும் அணைந்தும் மாறினால் கணனி உயிரோடு இருக்கிறது. மாறாவிட்டால் கணனியே நின்றிருக்கலாம். அப்போது திரையைக் குறைகூறிப் பயனில்லை.

அடுத்து, திரையின் கீழ் விளிம்பிலோ பின்புறத்திலோ உள்ள சிறு விளக்கைப் பாருங்கள். அதுவே நமக்கு வழிகாட்டி.

விளக்கு முற்றாக அணைந்திருந்தால்: மின்சாரம் வரும் வழியில் குறை. பிளக்கையும், திரையின் பின்னால் வயர் செருகும் இடத்தையும் இறுக்கிச் செருகுங்கள். பல பிளக்குகள் செருகிய நீட்டிப்புப் பெட்டியை விட்டு, சுவரிலுள்ள பொருத்தில் நேரே கொடுத்துப் பாருங்கள். நல்ல வயரொன்றை மாற்றிப் போட்டும் அப்படியே அணைந்தால், திரையின் உள்ளேயுள்ள மின்பகுதி பழுதாகியிருக்கக் கூடும். பழைய திரைகளில் அங்குள்ள கபாசிற்றர் எனும் சிறு உருளைகள் தலை வீங்கிப் பழுதடைவது வழக்கம். அவற்றை மட்டும் மாற்றினாலே பல திரைகள் பிழைத்துவிடும்.

விளக்கு செம்மஞ்சளாகவோ விட்டுவிட்டோ எரிந்தால்: பெரும்பாலான திரைகளில் இதன் பொருள், திரை நலம், செய்திதான் வரவில்லை என்பதாகும். படம் கொண்டுவரும் வயரை இரு முனையிலும் கழற்றி மீண்டும் செருகுங்கள். பழைய வி.ஜி.ஏ வயரின் தலையில் முள் வரிசைகளும் இரு பக்கத்தில் திருகாணிகளும் உண்டு. திருகாணியை இறுக்காவிட்டால் மேசை அசைந்தாலே படம் போகும். முள் வளைந்துள்ளதா எனவும் பாருங்கள். எச்.டி.எம்.ஐ வயருக்குப் பொதுவாகத் திருகாணி இல்லை. அதன் பாரமே அதைக் கீழே இழுத்துத் தளர்த்தும். வயரை மெல்ல அசைக்கும்போது படம் வந்து போனால் குற்றவாளி அகப்பட்டான். வயர் நல்லதாயின் கணனியின் படம் தரும் பகுதி சூடேறியிருக்கலாம். விசிறியில் தூசு அடைந்துள்ளதா என்று பார்ப்பது நல்லது.

விளக்கு வழமை போல் எரிந்து, படம் மட்டும் இல்லையென்றால்: அறையை இருட்டாக்கி, ரோச் லைற்றைத் திரைக்கு அருகே சரிவாகப் பிடித்துப் பாருங்கள். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால் பின்விளக்கோ, அதற்கு மின்சாரம் தரும் பகுதியோ பழுது. திரையைப் போட்டு ஓரிரு விநாடிகளில் படம் வந்து மறைவதும் இதன் அடையாளமே. இது திருத்துபவரின் வேலை.

கொப்பியில் குறியுங்கள்

"எப்போதாவது இருளுகிறது" என்பதில் பயனில்லை. நாளையும் நேரத்தையும், அப்போது என்ன நடந்தது என்பதையும் எழுதி வையுங்கள். ஒரு வாரத்தில் ஒழுங்கு தெரியவரும்.

ஒருவரும் தொடாதபோது, எப்போதும் ஒரே அளவு நிமிடத்தில் இருண்டு, மவுசை அசைத்ததும் திரும்பினால் அது பழுதே அல்ல. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கணனியில் செய்து வைத்துள்ள ஏற்பாடு. அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பின் இருண்டால் உட்பகுதியில் குறை. அயலில் தண்ணீர் மோட்டர் தொடங்கும் கணத்தில் இருண்டால் மின்னழுத்தம் தாழ்கிறது. நமது நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. நீண்ட கம்பியின் கடைசி வீடுகளில் அது குறைவது உண்டு. மின்குமிழும் சேர்ந்து மங்கினால் இதனை உறுதி செய்யலாம்.

ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வயரையும் திரையையும் ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. அயலவரின் கணனியில் உங்கள் திரையைப் பொருத்தி ஒரு மாலை ஓடவிட்டுப் பாருங்கள். அங்கும் இருண்டால் திரையில் பழுது. இருளாவிட்டால் கணனியையோ வயரையோ பாருங்கள். எச்.டி.எம்.ஐ பொருத்து உள்ள தொலைக்காட்சிப் பெட்டியையும் உங்கள் கணனிக்குத் திரையாக வைத்துச் சோதிக்கலாம்.

செய்யக் கூடாதவை

திரையை நாமாகத் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பின்னரும் கபாசிற்றரில் மின்சாரம் தங்கியிருக்கும். முதுகு தள்ளிய பழைய கண்ணாடித் திரைகளில் 20,000 வோல்ற்றுக்கு மேலும் இருக்கும், அது உயிராபத்தானது. அவற்றின் கண்ணாடியில் ஈயமும், பழைய தட்டைத் திரைகளின் குழல் விளக்குகளில் பாதரசமும் உண்டு. எனவே கழித்த திரையை உடைக்கவோ எரிக்கவோ, கிணற்றருகே புதைக்கவோ வேண்டாம்.

இடி மின்னலின் போது பிளக்கைக் கழற்றி வையுங்கள். 2022 ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. மின்வெட்டின்போதும் பிளக்கைக் கழற்றி, மின்சாரம் வந்து சில நிமிடங்களின் பின் செருகுவதே பாதுகாப்பு.

திருத்தகத்துக்குப் போகும்போது

கொப்பியையும் கொண்டு செல்லுங்கள். "விளக்கு எரிகிறது, ரோச் பிடித்தால் எழுத்துத் தெரிகிறது" என்று சொல்பவரிடம் தேவையற்ற பாகத்தை மாற்றச் சொல்வது எளிதல்ல. திருத்த எவ்வளவு ஆகும் என்பதை முன்பே கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். திருத்தும் கூலி, பழைய நல்ல திரையொன்றின் விலையை நெருங்குமானால் திருத்தாமல் விடுவதே இலாபம்.

ஒரு வயரின் விலையோடு முடிய வேண்டிய காரியத்துக்கு, விதைநெல்லுக்கென வைத்த காசை எடுக்க வேண்டியதில்லை. இந்தச் சோதனைகளை வீட்டிலுள்ள பிள்ளைகளோடு சேர்ந்து செய்யுங்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக் காரணம் அறியும் பழக்கம், இறைப்பு இயந்திரம் நின்றுபோகும் நாளிலும் அவர்களுக்கு உதவும்.