கசிவு தொடங்கும் நாளும் வாரண்டி முடியும் நாளும்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து லாரிக்காரர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. காலையில் வண்டியைக் கிளப்பும் முன் குனிந்து அடியைப் பார்த்துவிடுவார்கள். இரவு நின்ற இடத்தில் புதுக் கறை விழுந்திருந்தால் அது எஞ்சினுக்கு நேரே விழுந்ததா, கியர்பாக்ஸுக்கு நேரே விழுந்ததா என்று அப்போதே கணக்குப் போட்டுவிடுவார்கள். கார் வைத்திருப்பவர்களில் இப்படிப் பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தாலும் பல கார்களில் தெரியாது. எஞ்சினுக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டு மாட்டியிருப்பதால் கசியும் ஆயில் முதலில் அதில்தான் தேங்கும். அது தரைக்கு வந்து சேர மாதங்கள் ஆகலாம். அதற்குள் வாரண்டி முடிந்துவிட்டால் செலவு முழுதும் நம் தலையில்தான்.

கசிவு மெல்ல மெல்ல வளரும் கோளாறு. வாரண்டியோ ஒரு தேதியில், அல்லது ஒரு கிலோமீட்டர் எண்ணில், சட்டென்று முடிந்துவிடுவது. ஆயில் கசிவு தொடர்பான தகராறுகளில் பெரும்பகுதி இந்த முரண்பாட்டிலிருந்துதான் கிளம்புகிறது. அதனால் கசிவு எப்படி வருகிறது என்பதைக் காரோட்டிகள் கொஞ்சமாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சிறிய பெட்ரோல் காரின் எஞ்சினில் 3 முதல் 4 லிட்டர் ஆயில் இருக்கும். ஆறு சிலிண்டர் லாரி எஞ்சினில் 15 லிட்டருக்கும் மேல். அடியில் உள்ள சேம்பரிலிருந்து பம்ப் அதை உறிஞ்சி, ஃபில்டர் வழியாக பேரிங்குகளுக்கும் மேலே உள்ள கேம் ஷாஃப்டுக்கும் தள்ளுகிறது. வண்டி ஓடும்போது அந்த அழுத்தம் கார் டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தத்தையும் தாண்டிப் போகும். எஞ்சின் ஒரே வார்ப்பு அல்ல. பல துண்டுகளை போல்ட் போட்டுச் சேர்த்தது. அசையாத இரண்டு பரப்புகள் சேரும் இடத்தில் பேக்கிங் இருக்கும். சுழலும் தண்டு வெளியே வரும் இடத்தில் ஆயில் சீல் இருக்கும். கசிவு என்றால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். டாப் கவர் பேக்கிங், சேம்பர் மூட்டு, டிரெயின் போல்ட்டின் வாஷர், ஃபில்டரின் ரப்பர் வளையம், பிரஷர் சுவிட்ச் ஆகியவை சுலபமாகப் பார்க்கக்கூடிய இடங்கள். சர்வீஸ் முடிந்த மறுநாளே சொட்டினால் டிரெயின் போல்ட்டையும் ஃபில்டரையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஆயில் சீல் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய பொருள். இரும்பு வளையத்தில் வார்த்த ரப்பர், அதற்கு மெல்லிய ஓர் உதடு, அந்த உதட்டைத் தண்டோடு அணைத்துப் பிடிக்க ஒரு சிறு சுருள் ஸ்பிரிங். அவ்வளவுதான். கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல் உட்காரும் இடத்தில் தண்டின் விட்டம் 80 மில்லிமீட்டர் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் அந்த ரப்பர் உதட்டின் மீது இரும்பு மணிக்கு சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. உதடு வறண்டுபோய்த் தண்டைப் பிடித்திருந்தால் அது சீக்கிரமே கருகிவிடும். அப்படி நடப்பதில்லை. உதட்டுக்கும் தண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஆயில் படலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. உதட்டின் சாய்வும் அதன் பரப்பில் உள்ள நுண்ணிய மேடுபள்ளங்களும் சேர்ந்து, வெளியே எட்டிப் பார்க்கும் ஆயிலை மறுபடி உள்ளே இழுத்துக்கொள்கின்றன. நல்ல சீல் ஒரு சின்னஞ்சிறு பம்ப் போலவே வேலை செய்கிறது. உதடு இறுகிப்போனாலோ, தண்டில் தேய்மானக் கோடு விழுந்தாலோ இந்த உள்ளிழுப்பு நின்றுவிடும். பிறகு வருவதுதான் கசிவு.

ரப்பரை இறுக வைப்பது வெப்பம். சாதாரண நைட்ரில் ரப்பர் தொடர்ந்து தாங்குவது 100 டிகிரி செல்சியஸ் அளவுக்குத்தான். ஃப்ளூரோ ரப்பர் 200 டிகிரி வரை தாங்கும், விலையும் அதிகம். இரண்டையும் கையில் வைத்துப் பார்த்து வித்தியாசம் சொல்வது கடினம் என்பதால்தான் சீல் வாங்கும்போது கம்பெனிப் பாகமா என்று பார்க்கச் சொல்கிறார்கள். சித்திரை வெயில், சேலத்திலிருந்து தருமபுரி நோக்கித் தொப்பூர் கணவாயில் ஏற்றம், ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகள் இவையெல்லாம் சேர்ந்து ஆயிலின் சூட்டைக் கூட்டுகின்றன. ஏறி முடித்தவுடன் எஞ்சினை நிறுத்திவிட்டால் காற்றோட்டமும் நின்றுபோய், பானெட்டுக்குள் வெப்பம் சிறிது நேரம் இன்னும் கூடும். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை: நின்ற இடத்திலேயே மணிக்கணக்காக ஓடும் எஞ்சின், சுற்றிலும் பாறைத் தூள். அந்தத் தூள் கசிவில் ஒட்டிச் சீலின் உதட்டுக்கு அடியில் புகுந்தால் இரும்பையே அராவிவிடும்.

சீல் மாற்றியும் கசிவு நிற்கவில்லை என்று நொந்துபோவோர் பிரீதரைப் பார்க்க வேண்டும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் எரிப்பு வாயு எப்போதும் கீழே இறங்கும். அது வெளியேற ஒரு வழி வேண்டும்; அந்த வழிதான் பிரீதர். ஒரு காலத்தில் அதைத் திறந்த குழாய் வழியாகச் சாலையிலேயே விட்டார்கள். காற்று மாசைக் குறைக்க 1960களில் அமெரிக்காவில் தொடங்கி, அந்த வாயுவை மறுபடி எஞ்சினே இழுத்து எரிக்கும்படி வால்வு வைத்தார்கள். அந்த வால்வோ குழாயோ அடைத்துக்கொண்டால் சேம்பருக்குள் அழுத்தம் ஏறி, இருக்கும் சீல்களில் எது பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பார்த்தால் குபுகுபுவென்று புகை அடிக்கும். பிரீதரும் ரிங்கும் சரியாகாமல் சீலை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

கசியும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பட்டறைகளில் பழைய முறை ஒன்று உண்டு. எஞ்சினைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சந்தேகமான இடத்தில் முகப் பவுடரைத் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து பார்ப்பது. ஆயில் கீழ்நோக்கி வழியும், காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். அதனால் நனைந்த இடங்களில் எது மிக மேலேயும் மிக முன்னேயும் இருக்கிறதோ அங்கேதான் ஊற்றுக்கண். ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து புறஊதா விளக்கில் பார்ப்பது புதிய முறை; கம்பெனி சர்வீஸில் கேட்டுப் பெறலாம். கோடையில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பச்சையோ இளஞ்சிவப்போ இருந்தால் கூலன்ட். சிவப்பாக வழவழவென்று இருந்தால் பவர் ஸ்டியரிங் அல்லது ஆட்டோமேட்டிக் கியர் ஆயில். பழுப்பும் கறுப்பும்தான் எஞ்சின் ஆயில்.

பேக்கிங் கசிந்தால் அனபாண்ட் போன்ற சிலிக்கான் பசையைப் பூசி மூடுவது நம்மூரில் சகஜம். அளவோடு, அதற்குரிய மூட்டில் பூசினால் தப்பில்லை. தாராளமாகப் பூசினால் மிச்சம் உள்பக்கமும் பிதுங்கும். அது உதிர்ந்து பம்பின் வலையை அடைத்தால் கசிவைவிடப் பெரிய நாசம் வரும். வாரண்டியில் இருக்கும் எஞ்சினில் வெளியே இப்படிச் செய்தால், பின்னால் வரும் எல்லாக் கோளாறுக்கும் கம்பெனி அந்தப் பசையைத்தான் காட்டும்.

இனி வாரண்டி. மாருதி சுஸுகி 2024 ஜூலையில் தன் புதிய கார்களுக்கான வாரண்டியை 2 ஆண்டு, 40,000 கிலோமீட்டரிலிருந்து 3 ஆண்டு, 1 லட்சம் கிலோமீட்டராக உயர்த்தியது. இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் எல்லை. எஞ்சின் பாகங்கள் இதில் அடங்கும். ஆயில், ஃபில்டர் போன்றவை அடங்காது. இடையில் நிற்பவை பேக்கிங்கும் சீலும். பொருளின் குறையால் கசிந்தால் கம்பெனி மாற்றித் தரும். தேய்மானம் என்று முடிவானால் தராது. லேசான கசிவு வண்டியின் இயல்பு, அது குறையாகாது என்ற பொருளில் ஒரு வரி பல வாரண்டிப் புத்தகங்களில் இருக்கும். நீட்டித்த வாரண்டி வாங்கும்போது இந்த வரியைத்தான் தேடிப் படிக்க வேண்டும். ஏனென்றால் பின்பக்க கிராங்க் சீல் சில நூறு ரூபாய்தான். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான் பணம்.

லேசான கசிவு என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் அளந்து காட்ட முடியும். ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 20 சொட்டு. 10 விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 18 மில்லிலிட்டர். டிப் ஸ்டிக்கின் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையே பெரும்பாலான கார்களில் ஏறக்குறைய 1 லிட்டர். ஆக 55 மணி நேர ஓட்டத்தில் ஆயில் கீழ்கோட்டுக்கு வந்துவிடும். சர்வீஸ் சென்டரிடம் அளவுச் சோதனை கேளுங்கள். ஆயிலை மேல்கோடு வரை நிரப்பி, மூடிகளில் பெயின்ட் குறி வைத்து, குறிப்பிட்ட தூரம் ஓட்டிய பின் மறுபடி அளப்பார்கள்.

அதைவிட முக்கியம் ஜாப் கார்டு. கசிவை முதலில் பார்த்தபோதே போய், தேதியும் கிலோமீட்டரும் கசியும் இடமும் அதில் எழுத்தில் ஏறும்படி செய்ய வேண்டும். 'பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லீங்க' என்று வாய்வார்த்தையாக அனுப்பிவிட்டால் அந்த வருகைக்குச் சாட்சியே இல்லை. எழுதியிருந்தால், வாரண்டிக்குப் பிறகு கசிவு பெரிதானாலும், கோளாறு வாரண்டிக்குள்ளேயே தொடங்கியது என்று சொல்ல ஆதாரம் இருக்கும். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தும் ஓட்டினால் மட்டும் இந்த ஆதாரமும் கைகொடுக்காது. அந்த விளக்கு காட்டுவது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. அது எரியும்போது பேரிங் ஏற்கெனவே பட்டினி கிடக்கிறது. ஓரம் கட்டி எஞ்சினை அணைக்காமல் போனால், கிராங்க் பிடித்த செலவை ஓட்டியவரின் கவனக்குறைவில்தான் எழுதுவார்கள்.

வெளிப் பட்டறையில் ஆயில் மாற்றினாலே வாரண்டி போய்விடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டமே இப்படி நிபந்தனை போடுவதைக் கட்டுப்படுத்துகிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக வழங்கிய உத்தரவில், வெளி மெக்கானிக்கிடம் போனதற்காக மட்டும் வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றது. அந்த மெக்கானிக்கின் தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மறுக்கலாம் என்றது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அதனால் இன்றைக்கும் வண்டிக்காரரின் கையில் வலுவாக இருப்பது சரியான தர எண் போட்ட ஆயில் பில்தான். பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் சாம்பல் குறைந்த ஆயிலே ஊற்ற வேண்டும் என்பதால் அந்த பில்லுக்கு மதிப்பு இன்னும் அதிகம்.

பேச்சில் தீரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கு மேல் நாமக்கல்லிலும் சேலத்திலும் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையங்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, கார் வேறு ஊரில் வாங்கியதாக இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை; 10 லட்சம் வரை 200 ரூபாய்.

லாரிக்காரர்களுக்கு இதில் ஒரு பழைய தீர்ப்பு துணை நிற்கிறது. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வாங்கிய இயந்திரம் பற்றிய வழக்கில், அது வணிகத்துக்காக வாங்கியது, ஆகவே வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. அதே தீர்ப்பில், பிழைப்புக்காக லாரி வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான் என்றும் விளக்கியது. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அவர் நுகர்வோரே. பல லாரிகளை ஆள்வைத்து ஓட்டும் முதலாளிகள் பொதுவாக உரிமையியல் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டியிருக்கும்.

புது வண்டியே கொடு என்று கேட்பவர்கள் 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றையும் மனதில் வைக்க வேண்டும். கிளட்ச் கோளாறு குறித்த மாருதி வழக்கில், வாரண்டி தருவது குறையுள்ள பாகத்தைப் பழுது பார்க்கவோ மாற்றவோ மட்டுமே, வண்டியையே மாற்றித் தர அல்ல என்று உச்ச நீதிமன்றம் கூறியது. எனவே புகாரில் எந்தப் பாகம் என்று குறிப்பிட்டுக் கேட்பதே நல்லது. உற்பத்திக் குறை என்று நிரூபிக்கப் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. காசு கொடுத்துச் சீல் மாற்றியிருந்தால், கழற்றிய பழைய சீலை ஒரு பையில் போட்டு, பில்லோடு சேர்த்து வாங்கி வந்துவிடுங்கள்.