தந்தையின் கடனும் மகளின் மௌனமும்

அமெரிக்காவில் குடியேறிய கொரியர்களின் உழைப்பைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். 1965-ல் அந்நாட்டின் குடியேற்றச் சட்டம் தளர்த்தப்பட்ட பின் சென்றவர்களில் பட்டதாரிகள் ஏராளம். ஆங்கிலம் கைகொடுக்காததால் பலர் மளிகைக் கடையோ டிரை கிளீனிங் கடையோ வைத்தனர். அதற்கு முதல் போட உதவியது 'க்யே' என்ற ஏற்பாடு. நம் ஊர்ச் சீட்டு போன்றதுதான். ஒருவர்மேல் ஒருவருக்குள்ள நம்பிக்கையே அதற்கு ஜாமீன்.

லாஸ் ஏஞ்சலஸில் என் மகன் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது, ஒரு கொரியக் குடும்பத்துடன் பழக நேர்ந்தது. குடும்பத் தலைவர் சூதாட்டத்துக்கு அடிமையானவர். அவருடைய மூத்த மகள் சொன்னதிலிருந்து, இந்நோய் ஒரு குடும்பத்தை எப்படி உள்ளிருந்தே அரிக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

தென் கொரியாவில் அந்நாட்டவர் நுழையக்கூடிய காசினோ ஒன்றே ஒன்றுதான். அது திறக்கப்பட்டது 2000-ல். கலிபோர்னியாவிலோ இரவு பகலாகத் திறந்திருக்கும் காசினோக்களுக்குப் பஞ்சமில்லை. நாளெல்லாம் கடையில் நின்று, தெரியாத மொழியில் தடுமாறிக் களைத்தவருக்கு, ஆட்ட மேசையில் மொழி தேவைப்படுவதில்லை. பொழுதுபோக்காகத் தொடங்குவது, விட்டதைப் பிடிக்கும் வெறியாகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் இதனைக் குடி, போதைப் பழக்கங்களோடு ஒரே பிரிவில் சேர்த்தது. ஆகவே வெறும் உபதேசத்தால் இது தீராது.

வங்கிக் கடிதங்களைப் படித்துச் சொல்வது அவ்வீடுகளில் பிள்ளைகளின் வேலை. எனவே கடன் விவரம் தாய்க்கு முன்பே மகளுக்குத் தெரிந்துவிட்டது. "அம்மாவிடம் சொல்லாதே" என்றார் தந்தை. பெற்றோருக்கு ஆற்றும் கடமையை 'ஹ்யோ' என்று போற்றும் பண்பாட்டில் வளர்ந்த பெண் எப்படி மறுப்பாள்? உண்மை வெளிவந்தபோது, கணவர் ஆடியதைவிட மகள் மறைத்ததுதான் தாயை அதிகம் வருத்தியது. இருவருக்கும் பேச்சே நின்றுபோயிற்று.

க்யே பணம் போனது ஊராருக்குத் தெரிந்தால் 'செம்யோன்', அதாவது குடும்ப மானம், போய்விடும். அதனால் இருவரும் தனித்தனியே, ஒருவருக்கொருவர் தெரியாமல் கடனை அடைத்தார்கள். அடைத்ததும் ஆட்டம் மறுபடி தொடங்கியது! அடக்கி வைத்த கோபம் நெஞ்செரிச்சலாகவும் மூச்சுத் திணறலாகவும் வருவதைக் கொரியர்கள் 'ஹ்வாப்யோங்', அதாவது தீ நோய், என்பார்கள். அந்தத் தாய்க்கு அதுவும் வந்தது.

கடனை அடைப்பது பாசத்தால்தான். ஆனால் அந்தப் பாசமே நோய்க்குத் தீனியாகிறது. ரொக்கம் கொடுக்காமலிருப்பது, வீட்டுக் கணக்கைத் தனியே பிரிப்பது, அவருக்காகப் பொய் சொல்ல மறுப்பது, இவையே குடும்பத்தார் செய்யக்கூடியவை. சூதாடிகள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் 'கேம்ப்ளர்ஸ் அனானிமஸ்' இயக்கம் 1957-ல் தோன்றியதே லாஸ் ஏஞ்சலஸில்தான். குடும்பத்தாருக்கென 'கேம்-அனான்' உண்டு. கலிபோர்னிய அரசும் ஆடுபவருக்கு மட்டுமின்றி, பாதிக்கப்பட்ட குடும்பத்தாருக்கும் இலவச சிகிச்சை அளிக்கிறது.

தந்தை திருந்தட்டும் என்று காத்திராமல், தாயும் மகளும் ஆலோசனைக்குச் சென்றார்கள். தந்தை வரவில்லை. ஆயினும் அவ்விருவரும் மீண்டும் பேசத் தொடங்கினார்கள்.

பிற மொழியினரிடையே வாழும் நமக்கும் வீட்டுத் துயரைத் தாய்மொழியில் சொல்ல ஓர் இடம் வேண்டும். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' மனநலத் தொலைபேசிச் சேவையில் தமிழிலும் பேசலாம். எண் 14416.