விமானப் பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தல்

பினாங்குத் தீவுக்கும் ஆகாய விமானத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. பாயான் லெப்பாஸில் விமான நிலையம் திறக்கப்பட்டது 1935ஆம் ஆண்டில். மறு ஆண்டு மார்ச் மாதத்திலேயே இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனியின் 'டொராடோ' என்னும் நான்கு எஞ்சின் விமானம் இங்கிருந்து புறப்பட்டு ஹாங்காங்குக்குத் தபால் கொண்டு சென்றது. 1937இல் வேர்ன்ஸ் கம்பெனியார் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு ஆகிய மூன்று ஊர்களையும் விமானத்தால் இணைத்தனர். 1947இல் மலாயன் ஏர்வேஸ் பறக்கத் தொடங்கியது. அக்காலத்தில் ஜார்ஜ் டவுன் வாசிகளுக்கு விமானம் அண்ணாந்து பார்க்கும் ஒரு வேடிக்கை. இன்றோ அதை ஓட்டும் உத்தியோகத்துக்கே போகிறேன் என்று பிள்ளைகள் சொல்லுகிறார்கள். பெண் பிள்ளைகளும் சொல்லுகிறார்கள். விரும்பத்தக்க மாற்றந்தான்.

ஆனால் இந்தப் படிப்புக்குச் செலவு சில லட்சம் வெள்ளி ஆகிறது. தகப்பனாரின் சேமநிதிப் பணம், தாயாரின் நகை, சில வேளைகளில் குடியிருக்கும் வீட்டின் பத்திரம் எல்லாம் இதில் போய்ச் சேருகின்றன. அப்படியிருந்தும், ஒரு தையல் இயந்திரம் வாங்கும்போது கேட்கும் கேள்விகளைக்கூடப் பலர் பள்ளியில் கேட்பதில்லை. வெள்ளைச் சட்டையும் தோளில் தங்கப் பட்டையுமாக அச்சிட்ட படங்களைப் பார்த்து மனம் இசைந்துவிடுகிறார்கள்.

ஒரு பள்ளிக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு எங்கே இருக்கிறது? பாடத்திட்டத்தில் அதிகம் இல்லை. மாண்ட்ரியலில் உள்ள சர்வதேச சிவில் விமான ஸ்தாபனம் குறைந்தபட்ச விதிகளை வகுத்திருக்கிறது. நாடுகள் அவற்றைத் தழுவித் தம் சட்டங்களை இயற்றிக்கொள்ளுகின்றன. வர்த்தக விமானி லைசென்ஸ் பெற வயது 18 நிரம்ப வேண்டும். மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற தொடர் பயிற்சியாக இருந்தால் 150 மணி போதும். அதில் 70 அல்லது 100 மணி நேரம் மாணவனே விமானத்தின் பொறுப்பாளனாகப் பறந்திருக்க வேண்டும். ஒரு முறையாவது 540 கிலோமீட்டர் தூரம் சென்று, இடையே இரண்டு வெவ்வேறு நிலையங்களில் இறங்கி எழ வேண்டும். மலேசியாவில் 2018 முதல் இப்பொறுப்பை ஏற்றிருக்கும் சிவில் விமான ஆணையம் அங்கீகரித்த பள்ளிகளின் பட்டியலை வெளியிடுகிறது. பட்டியலில் இல்லாத பள்ளியைப் பற்றிப் பேசுவதே வீண். பட்டியலில் உள்ளவை யாவும் ஏறத்தாழ ஒரே பாடத்தைத்தான் கற்பிக்கின்றன.

அப்படியானால் வேறுபாடு காலத்தில் இருக்கிறது. அந்த 200 மணியை எத்தனை மாதங்களில் மாணவனுக்குக் கொடுக்க முடியும் என்பதே கேள்வி.

இதைக் கணக்கிடுவது கடினமன்று. ஒரு பள்ளியில் பத்து விமானங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்தும் ஒரே நாளில் பறக்கும் நிலையில் இருப்பதில்லை. சில பரிசோதனையில் இருக்கும்; சில உதிரிப் பாகத்துக்காகக் காத்திருக்கும். ஆறு பறக்கின்றன என்போம். நாளொன்றுக்கு நான்கு மணி வீதம், மாதத்தில் இருபது நாள் பறந்தால், ஆறு விமானங்களுக்கும் சேர்ந்து 480 மணி கிடைக்கும். மாணவர் அறுபது பேரானால் தலைக்கு எட்டு மணி. 200 மணி முடிய 25 மாதம் ஆகும். மாணவர் முப்பது பேரே ஆனால் ஓராண்டுக்குச் சற்று மேல் முடிந்துவிடும். ஆகவே "உங்களிடம் எத்தனை விமானங்கள்?" என்று கேட்டுப் பயனில்லை. "சென்ற மாதம் மொத்தம் எத்தனை மணி பறந்தன? இப்போது மாணவர் எத்தனை பேர்?" என்று கேட்க வேண்டும். இந்த இரண்டு எண்களையும் தயங்காமல் சொல்லும் பள்ளி நம்பத்தக்கது. மழுப்பினால் அதுவே ஒரு பதில்.

தாமதம் என்பது காத்திருப்பு மட்டுமன்று. விமானம் ஓட்டுவது கையும் கண்ணும் சேர்ந்து பழக வேண்டிய வித்தை, வீணை போல. இரண்டு வாரம் தொடாமல் இருந்துவிட்டு வரும் மாணவன் முன்பு கற்ற இறக்கத்தை மறுபடியும் ஆசிரியரோடு பழக வேண்டியிருக்கிறது. அந்த மணிக்கும் கட்டணம் உண்டு. இதனால் 200 மணியில் முடிய வேண்டியது 230, 240 என்று நீளுகிறது. விடுதி வாடகையும் சாப்பாட்டுச் செலவும் தனி. கூடுதல் மணிக்கு யார் பணம் தருவது என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் பார்த்துவிட்டே கையெழுத்திட வேண்டும்.

அடுத்தது இடமும் வானிலையும். பாயான் லெப்பாஸின் ஒற்றை ஓடுபாதை 3,352 மீட்டர் நீளமுள்ளது. பயணிகள் விமானங்களுக்கும் சரக்கு விமானங்களுக்கும் அதில் ஓய்வில்லை. கடலுக்கு அப்பால் பட்டர்வொர்த்தில் விமானப்படைத் தளம். பெரிய விமானங்கள் வந்துபோகும் இடத்தில் புது மாணவன் ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி இறங்கிப் பழக இடம் கிடைப்பது அரிது. ஆதலால் பினாங்குப் பிள்ளை வடக்கே லங்காவியையோ, தெற்கே மலாக்காவின் பத்து பெரண்டாமையோ நாட வேண்டியிருக்கிறது. அங்கும் வானிலையைக் கவனிக்க வேண்டும். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் ஜனவரி வரை பெருமழை. லங்காவியில் அம்மாதங்களின் பிற்பகுதியே நல்ல வெயில் காலம். மேற்குக் கரை எங்கும் பிற்பகலில் இடிமழை திரளும் என்பதால் சிறு விமானங்களுக்குக் காலை நேரமே பொன்னான நேரம். சுமத்ராவிலிருந்து வரும் புகைமூட்டம் வேறு. 1997, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் பட்ட அவதி பினாங்கு மக்களுக்கு மறந்திராது. கண்ணால் பார்த்து ஓட்டும் பயிற்சிக்குப் பொதுவாக ஐந்து கிலோமீட்டர் தூரமாவது தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாத நாள்களில் மாணவர் வகுப்பறையில் உட்கார வேண்டியதுதான்.

விமானம் பழையதா புதியதா என்பது பலர் நினைக்கிற அளவுக்கு முக்கியமன்று. 1955இல் முதலில் பறந்த செஸ்னா 172 ரகம் இன்றும் உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படுகிறது. ஒழுங்காகப் பராமரித்தால் முப்பது வயது விமானமும் நல்ல விமானமே. பராமரிப்புப் பட்டறை பள்ளிக்கே சொந்தமா, வெளியாரை நம்பியிருக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது. எரிபொருளும் ஒரு விஷயம். பழைய ரகப் பிஸ்டன் எஞ்சின்களுக்கு வேண்டிய விமானப் பெட்ரோலைத் தயாரிப்போர் உலகில் குறைவு. கப்பல் தாமதித்தால் பள்ளியும் நின்றுவிடும். டைமண்ட் போன்ற சில புது விமானங்கள் ஜெட் விமானங்களுக்கு ஊற்றும் எண்ணெயிலேயே ஓடுகின்றன. அது எந்தப் பெரிய நிலையத்திலும் கிடைக்கும்.

ஆசிரியர் விஷயம் இதைவிட நுட்பமானது. பயிற்சி ஆசிரியர்களில் பலர் இளைஞர். விமானக் கம்பெனியில் இடம் கிடைக்கும்வரை கற்பிப்பவர்கள். கம்பெனிகள் ஆள் எடுக்கத் தொடங்கியதும் பள்ளி காலியாகிவிடும். நடுவில் ஆசிரியர் மாறினால் மாணவன் மீண்டும் முதலிலிருந்து நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டும். பல்லாண்டு அனுபவமுள்ள முதியவர் ஒருவராவது நிலையாக இருக்கும் பள்ளி, பத்து இளைஞர் உள்ள பள்ளியைவிட மேல்.

பணம் கட்டும் முறையில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவில் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் என்ற பயிற்சி நிறுவனம் 2008 பிப்ரவரியில் ஒரே நாளில் கதவடைத்தது. அதில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர். பலர் ஏறத்தாழ 70,000 டாலர் கடன் வாங்கி முன்னதாகவே கட்டியவர்கள். ஸ்காட்லாந்தில் டண்டீ நகரில் 1968 முதல் நடந்துவந்த டேசைட் ஏவியேஷன் 2023 ஏப்ரலில் மூடப்பட்டது. பழம்பெருமை மாணவரின் பணத்தைக் காக்கவில்லை. முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டினால் சிறு தள்ளுபடி தருகிறோம் என்னும் பேச்சுக்கு மயங்கலாகாது. பயிற்சியின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அவ்வப்போது பணம் கட்டுவதே முறை. பறக்காத மணிக்குரிய பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் மலிவாகப் படிக்கலாமே என்று எண்ணுவோர் உண்டு. 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கைப்படி, ஒரு விமானம் எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டதோ அந்த நாடு அளித்த, அல்லது செல்லும் என்று ஏற்ற லைசென்ஸ்தான் அதை ஓட்டுவோனுக்கு வேண்டும். ஆகவே பிற நாட்டு லைசென்ஸோடு திரும்புபவர் மலேசிய விமானத்தில் ஏற, இங்கே மாற்றுதலுக்குரிய தேர்வுகளையும் சோதனைகளையும் கடக்க வேண்டும். அந்தச் செலவையும் மாதங்களையும் கூட்டிப் பார்த்த பிறகே மலிவு எது என்று சொல்ல முடியும். இந்தியாவை எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்கலாம். அந்நாட்டுச் சிவில் விமான இயக்குநரகம் 2025 அக்டோபரில் முதன்முறையாகப் பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிட்டது. முப்பதுக்கு மேற்பட்ட பள்ளிகளில் ஒன்றுகூட மேலான இரண்டு தரங்களில் இடம்பெறவில்லை. கசப்பான செய்திதான், ஆனாலும் இப்படிப்பட்ட பகிரங்கக் கணக்கு எல்லா நாடுகளிலும் வந்தால் பெற்றோருக்குப் பேருதவியாக இருக்கும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக முடிக்க வேண்டியது வைத்திய பரிசோதனை. முதல் வகுப்புச் சான்றிதழ் இல்லாமல் வர்த்தக விமானி ஆக முடியாது. நிறப் பார்வைக் குறை தனக்கிருப்பது பலருக்கு அந்தப் பரிசோதனையில்தான் முதன்முதலாகத் தெரியவருகிறது. கட்டணம் கட்டிய பிறகு தெரிவது கொடுமை. ஆங்கிலப் பேச்சில் ஆறு படிகளுள் நான்காம் படியாவது எட்ட வேண்டும் என்ற விதியும் உண்டு. லைசென்ஸ் கிடைத்ததும் செலவு முடிவதில்லை. ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற குறிப்பிட்ட ரகத்தை ஓட்டத் தனிப் பயிற்சி வேண்டும். அதற்கு யார் பணம் தருவது என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. 2020இல் கொரோனா வந்து விமானங்கள் தரையில் நின்றபோது, புது லைசென்ஸோடு வெளிவந்தவர்கள் வேலையின்றித் தவித்தார்கள். வேலைக்கு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்யும் பள்ளியிடம், அந்த உத்தரவாதத்தை எந்த விமானக் கம்பெனி கையெழுத்திட்டுத் தருகிறது என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது.

பள்ளியை நேரில் பார்க்கப் போகிறவர்கள் திறப்பு விழா போன்ற விசேஷ நாளில் போகாமல், மழையில்லாத ஒரு சாதாரணக் காலைப் பொழுதில் போவது நல்லது. எட்டு மணிக்குக் கொட்டகையில் நிற்கும் விமானங்கள் எத்தனை, வானில் இருப்பவை எத்தனை என்று எண்ணலாம். பிறகு அலுவலகத்தாரை விட்டுவிட்டு, உணவுக்கூடத்தில் தம் முறைக்காகக் காத்திருக்கும் மாணவர்களிடம் போய், சென்ற மாதம் எத்தனை மணி பறந்தார்கள் என்று விசாரிக்கலாம்.