வேலியில் இரண்டு பூக்கள்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலைப் பொழுதில், மலையடிவாரக் கிராமங்களின் வேலியோரமாக நடந்து செல்பவரது கண்ணுக்கு, மஞ்சளாக விரிந்து பின்னர் சிவப்பாக மாறும் இருவகைப் புஷ்பங்கள் ஒரே புதரில் தென்படுவதுண்டு. ஒன்று தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள். மற்றொன்று, அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசங்களிலிருந்து அலங்காரச் செடியாக 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, தோட்டத்தின் எல்லையைக் கடந்து நீலகிரி, முதுமலை வனங்கள் வரை பரவிவிட்ட உண்ணிச்செடி.

இப்படிப் பரவும் உண்ணிச்செடியை ஒழிக்க, நிறத்தை மாத்திரம் நம்பி அரிவாளை எடுப்பவர் காந்தளையும் சேர்த்து அழித்துவிடுவார். காந்தளின் இலை நுனி சுருண்டு பக்கத்துக் கிளையைப் பற்றிக்கொண்டு ஏறும். விளிம்பு நெளிந்த அதன் ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடிந்து நிற்கும். உண்ணிச்செடிக்கோ நாற்கோணத் தண்டு, வளைந்த சிறு முட்கள், எதிரெதிராக அமைந்த சொரசொரப்பான இலைகள். இலையைக் கசக்கினால் காட்டமான நெடி வீசும். அதன் சின்னஞ்சிறு பூக்கள் கொத்தாகக் கூடியிருப்பதால், நடுவில் உள்ளவை மஞ்சளாக இருக்கும்போதே ஓரத்தில் முந்தி மலர்ந்தவை சிவந்துவிடுகின்றன. இரண்டுமே விஷமுள்ளவை: காந்தட்கிழங்கு மனித உயிருக்கே ஆபத்தானது, உண்ணியிலையைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெடுவதோடு, வெயில் பட்ட இடத்தில் தோலும் புண்ணாகும். ஆகையால் எதையும் சுவைத்துப் பரீட்சை செய்யலாகாது.

உண்ணிச்செடியைத் தரைக்கு மேலே வெட்டுவது வீண் பிரயாசை. வெட்டிய தூரிலிருந்து முன்னிலும் அடர்த்தியாகத் தளிர்க்கும். கார்பெட் புலிகள் காப்பகத்தில் டில்லிப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கையாண்ட முறையே எனக்கு மிகவும் உகந்ததாகத் தோன்றுகிறது: நிலமட்டத்துக்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, புதரை அப்படியே தூக்கி, வேர் மண்ணில் படாதபடி தலைகீழாகக் கவிழ்த்து உலரவிட வேண்டும். நிலத்தை முழுவதும் கிளறாத இம்முறையில், வெயில் காலத்தில் கொடி மடிந்து கிழங்கு மாத்திரமாக மண்ணுக்குள் உறங்கும் காந்தளுக்கும் சேதமில்லை. உண்ணிக் காய்கள் கறுத்துப் பழுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது அவசியம். பழம் தின்னும் கொண்டைக்குருவிகள் விதைகளைத் தொலைதூரம் கொண்டு சேர்த்துவிடும்.

ஒருமுறை அகற்றியதோடு வேலை தீர்வதில்லை. மரங்களின் அடியில், பறவைகள் உட்கார்ந்து எச்சமிடும் இடங்களில், மழைக்குப் பின் முளைக்கும் கன்றுகளைச் சில வருஷங்களுக்குக் கையால் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வெற்றிடமாகக் கிடக்கும் மண்ணில் உண்ணிச்செடி மீண்டும் குடியேறுமாதலால், அகற்றிய இடத்திலேயே நொச்சிப் போத்துகளை ஊன்றி, இடையிடையே ஆவாரை விதையைத் தூவிவிடுவது நல்லது.